சுவரில் ஒட்டிய சீட்டு

(குடிமக்கள் சேவைகளின் வடிவமைப்பு பற்றிய ஒரு நாள் பயிலரங்கில் வடிவமைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடையைப் பெரிதாக மாற்றாமல் இங்கே தருகிறோம்.)

மதியச் சாப்பாடு முடிந்த கையோடு பேசக் கூப்பிடுவது பேச்சாளருக்கு வைக்கிற பரீட்சை. அதனால ஸ்லைடு எதுவும் போடப் போறதில்லை. விளக்கை அணைத்தால் பாதிப் பேர் தூங்கிடுவீங்க, அது உங்க தப்பும் இல்லை.

எனக்குக் கொடுத்த தலைப்பு இரண்டு கேள்வி. வடிவமைப்பாளர்களுக்கு யோசனை எங்கேயிருந்து வருது? வடிவமைப்பு உண்மையிலேயே பிரச்சினையைத் தீர்க்குதா?

முதல் கேள்விக்கு என் போனைக் காட்டினாலே போதும். அதில் ஒரு ஆல்பம் வைத்திருக்கிறேன். முழுக்க முழுக்க, கவுன்ட்டர்களில் கையால் எழுதி ஒட்டியிருக்கும் சீட்டுகளின் படங்கள். எந்த ஊருக்குப் போனாலும் கோயிலுக்கு முன்னால் ஒரு சேவை மையத்துக்குள் எட்டிப் பார்ப்பது என் பழக்கம். வீட்டில் இதைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதை இங்கே சொல்ல வேண்டாம்.

சில சீட்டுகளைப் படிக்கிறேன், கேளுங்க. "ஆதாரில் கொடுத்த நம்பர் உள்ள போனைக் கையில் கொண்டு வரவும்." "போட்டோ 50 கேபிக்கு மேல் இருந்தால் ஏறாது, எங்களிடம் கோபப்பட வேண்டாம்." "கைரேகை விழவில்லை என்றால் குழாயில் கை கழுவிவிட்டு வரவும்." "ரசீதைத் தொலைக்காதீர்கள், போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்." ஒரு இடத்தில் இரண்டே வார்த்தை, பெரிய எழுத்தில்: "பேனா இல்லை."

இந்தச் சீட்டை எல்லாம் யார் எழுதினாங்க? வடிவமைப்பாளர் யாரும் எழுதலை. கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் பெண்ணோ பையனோ, ஒரே கேள்விக்கு நாள் முழுக்கப் பதில் சொல்லி அலுத்துப்போய், பழைய பிரிண்ட் பேப்பரின் பின்பக்கத்தில் மார்க்கரால் எழுதி செலோடேப் போட்டு ஒட்டியிருக்காங்க. அந்தச் சீட்டு ஒட்டியிருக்கிற இடத்தில்தான் என்னை மாதிரி ஆட்கள் செய்த வேலை ஓட்டை விட்டிருக்கு. டொனால்ட் நார்மன் என்ற அமெரிக்கர் 1988ல் அன்றாடப் பொருட்களின் வடிவமைப்பைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் எல்லாரும் முட்டிக்கொள்ளும் கதவுகளைப் பற்றி அவர் விரிவாக எழுதப்போய், அந்த மாதிரிக் கதவுகளுக்கு அவர் பெயரே ஒட்டிக்கொண்டது. கதவு சரியாக இருந்தால் அதன்மேல் 'தள்ளு' என்று எழுதி ஒட்ட வேண்டியதில்லை. அதே கணக்குத்தான் இங்கேயும்.

என்னோட தப்பு ஒன்றைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால், ஒரு சான்றிதழுக்கான இணைய விண்ணப்பத்தின் திரைகளைச் செய்த குழுவில் நானும் இருந்தேன். எந்தச் சான்றிதழ், எந்த அலுவலகம் என்பது வேண்டாம். பார்க்க அழகாக இருந்தது. நல்ல நீல வண்ணம், நிறைய வெள்ளை இடம். பெயருக்கு இரண்டு பெட்டி வைத்தோம். ஒன்று பெயர், இன்னொன்று குடும்பப் பெயர். இரண்டுமே கட்டாயம், பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். ஏன் அப்படி வைத்தீர்கள் என்று கேட்டால், உலகம் முழுக்க அப்படித்தான் வைக்கிறாங்க என்பதைத் தவிர என்னிடம் பதில் கிடையாது. தயாராகக் கிடைத்த படிவத்தை எடுத்து அப்படியே தமிழாக்கினோம், அவ்வளவுதான்.

எத்தனை பேருக்கு இங்கே குடும்பப் பெயர் இருக்கு? கை தூக்குங்க பார்ப்போம். பாருங்க, நான்கைந்து பேர். மற்ற எல்லாருக்கும் இருப்பது இனிஷியல். அப்பா பெயரின் முதல் எழுத்து, இப்போது சிலருக்கு அம்மா பெயரின் எழுத்தும் சேர்ந்து. அது முன்னால் வரும், சிலருக்குப் பின்னால் வரும். பள்ளிக்கூடத்தில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் ஒரு மாதிரி.

ஒரு நாள் ஒரு மையத்தில், திரையை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்க ஓரமாக உட்கார்ந்திருந்தேன். ஒரு அப்பாவும் மகளும் வந்தாங்க. மகள் பெயர் மு. செல்வி என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் 'செல்வி மு'. எங்கள் படிவம் குடும்பப் பெயரைக் கேட்டதால், முதல் தடவை விண்ணப்பித்தபோது யாரோ அப்பா பெயரை முழுசாகப் போட்டுவிட்டார்கள். சான்றிதழ் 'செல்வி முருகன்' என்று அச்சாகி வந்தது. கல்லூரிச் சேர்க்கைக்குப் போன இடத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "இது ரெண்டும் ஒரே ஆளா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சேர்க்கை முடிய இரண்டு நாள்தான் இருந்தது.

அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். அன்றைய கூலி போச்சு. அதற்கு முந்தின நாள் கூலியும் போயிருந்தது. அவர் சத்தம் போடவில்லை. கவுன்ட்டரில் இருந்த பையனிடம் கேட்டார்: "தம்பி, எங்க பேர்ல என்ன தப்பு இருக்கு? அதைச் சொல்லிட்டீங்கன்னா திருத்திக்கறோம்."

தப்பு அவங்க பெயரில் இல்லை, நான் வரைந்த பெட்டியில் இருந்தது. அந்தப் பையன் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தத் திரையைச் செய்தவன் நான்தான் என்பது அவனுக்குத் தெரியாது. சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. கடைசியில் அவனே இரண்டு இடத்துக்குப் போன் போட்டு, எந்த அலுவலரைப் பார்க்கணும், என்ன எழுதிக் கொடுக்கணும் என்று ஒரு தாளில் எழ்திக் கொடுத்து அனுப்பினான். அந்தப் பொண்ணுக்கு இடம் கிடைத்ததா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயற்சி செய்திருக்கலாம். செய்யவில்லை.

மறுநாளே படிவத்தை மாற்ற உட்கார்ந்தோம். இரண்டு பெட்டியை எடுத்துவிட்டு, 'மதிப்பெண் பட்டியலில் அல்லது ஆதாரில் உள்ளபடி முழுப் பெயர்' என்று ஒரே பெட்டி. அப்புறம் இனிஷியல் முன்னாலா பின்னாலா என்று ஒரு தேர்வு. இது சுலபம். ஆனால் பெட்டியை எவ்வளவு திருத்தினாலும் மனிதர்கள் தட்டச்சில் தப்பு விடுவார்கள். அந்தத் தப்பு அச்சாகும் முன்னால் அவர்கள் கண்ணிலேயே பட வைப்பது எப்படி?

யோசனை வந்த இடம் ஒரு அச்சகம். என் தங்கை கல்யாணப் பத்திரிகைக்குப் போயிருந்தோம். அந்த அச்சகக்காரர் புரூஃப் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. "வாய்விட்டுப் படிங்க" என்றார். மாமா பெயர், சித்தப்பா பெயர், ஊர், முகூர்த்த நேரம், எல்லாம் சத்தமாகப் படிக்க வைத்தார். படித்து முடித்ததும் கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். "அச்சுக்குப் போயிட்டா அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது." எங்க சித்தப்பா பட்டத்தில் ஒரு எழுத்து விட்டுப்போனது அப்போதுதான் தெரிந்தது. அது அச்சாகியிருந்தால் அந்தக் கல்யாணம் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அதைத்தான் படிவத்தில் வைத்தோம். பணம் கட்டுவதற்கு முன்னால், சான்றிதழே எப்படி அச்சாகுமோ அதே வடிவத்தில் ஒரு பக்கம். 'உங்கள் பெயர் இப்படித்தான் அச்சாகும். படித்துப் பாருங்கள்.' கீழே இரண்டு பொத்தான்: 'சரியாக இருக்கிறது', 'திருத்த வேண்டும்'. முதலில் 'சமர்ப்பி' என்று இருந்ததை மாற்றினோம். ஆபீசில் மட்டும் வாழ்கிற வார்த்தை அது.

யோசனை எங்கிருந்து வருகிறது என்பதற்கு என் பதில் இதுதான். நிறையப் பேர் நினைப்பதுபோல மின்னல் வெட்டு மாதிரி வருவதில்லை. வேறு தொழிலில் இருப்பவர்கள் அதே சிக்கலை எப்போதோ சமாளித்திருப்பார்கள். நாம் அந்தப் பக்கம் போனால் கிடைக்கும். லண்டன் சுரங்க ரயில் வரைபடம் எல்லாரும் படத்திலாவது பார்த்திருப்பீங்க. நேர்கோடும் சாய்கோடுமாக, ஒவ்வொரு வழித்தடத்துக்கும் ஒரு வண்ணம். அதை 1931ல் வரைந்த ஹாரி பெக் மின்சுற்றுப் படங்கள் வரைகிற தொழில்நுட்ப வரைவாளர். ரயிலுக்குள் இருப்பவனுக்கு மேலே தெரு எப்படி வளைகிறது என்பது வேண்டாம், எங்கே இறங்கி எங்கே மாறுவது என்பதுதான் வேண்டும் என்று புரிந்துகொண்டார். நிர்வாகம் முதலில் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. 1933ல்தான் அச்சிட்டார்கள். இன்றைக்குச் சென்னை மெட்ரோ உட்பட உலகத்தில் எத்தனையோ ஊர்களின் ரயில் படங்கள் அந்த வழியில் வந்தவை.

நம்ம டீக்கடை சவுண்ட் பாக்ஸும் அப்படித்தான். மாஸ்டரின் இரண்டு கையும் ஈரம், ஒரு கையில் டபரா, ஒரு கையில் பால் சட்டி. பணம் வந்ததா என்று போனை எடுத்துப் பார்க்க முடியாது. அதனால் பெட்டி வாய்விட்டுச் சொல்லுது. அந்தக் கையைப் பார்க்காமல் அந்தப் பெட்டி வந்திருக்காது.

இனி இரண்டாவது கேள்வி. வடிவமைப்பு பிரச்சினையைத் தீர்க்குதா? இதற்கு ஆப் கதை வேண்டாம். நாம எல்லாரும் கையால் தொட்ட ஒரு பொருளை எடுத்துக்கிறேன். அடிபம்பு.

நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அந்தச் சத்தமே ஞாபகம் இருக்கும். மூணு காலில் நிற்கிற இரும்புத் தூண், மேலே ஒரு பெட்டி, நீளமான கைப்பிடி. அதன் பெயர் இந்தியா மார்க் 2.

1960களில் பீகாரில் பெரிய வறட்சி வந்தபோது, யுனிசெஃப் உதவியோடு பாறையைத் துளைக்கும் எந்திரங்கள் நாட்டுக்குள் வந்தன. ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரக்கணக்கில் போட்டார்கள். அதன் மேல் மாட்டியது ஐரோப்பிய, அமெரிக்க மாதிரியில் செய்த வார்ப்பிரும்புப் பம்புகள். அந்த மாதிரி எல்லாம் ஒரு பண்ணை வீட்டுக்குச் செய்தது. ஒரு குடும்பம் காலையில் நாலு வாளி, மாலையில் நாலு வாளி அடிக்கும். நம்ம ஊரில் விடியற்காலையில் இருந்து இருட்டும் வரை ஊர் முழுக்க அதில் அடிக்கும், குடம் வரிசையில் நிற்கும், பிள்ளைகள் கைப்பிடியில் தொங்கும். வார்ப்பிரும்பு உடைந்தது. 1970களின் நடுவில் பார்த்தால், போட்ட பம்புகளில் பெரும்பாலானவை ஓடவில்லை. கிணறு இருந்தது, கிணற்றில் தண்ணீர் இருந்தது, மேலே வரவில்லை.

அந்த நேரத்தில் மகாராஷ்டிரத்தில் சில பம்புகள் மட்டும் உடையாமல் ஓடிக்கொண்டிருந்தன. ஜால்னாவிலும் பிறகு சோலாப்பூரிலும் மிஷன் பணியில் இருந்தவர்கள், உடைந்த பம்புகளைப் பழுது பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய் தாங்களே செய்துகொண்டவை அவை. வார்ப்பிரும்புக்குப் பதில் எஃகு. சோலாப்பூர் பம்பில் இன்னொரு அருமையான விஷயம். கைப்பிடியை அடித்தால் அது வில் மாதிரி வளைந்துதான் போகும். ஆனால் கிணற்றுக்குள் போகும் கம்பி நேராக ஏறி இறங்கணும். பழைய பம்புகளில் இந்த வளைவுக்கும் நேருக்கும் நடுவே மாட்டியிருந்த முளைதான் தேய்ந்து தேய்ந்து உடையும். இவர்கள் கைப்பிடியின் முனையில் ஒரு கால்வட்டத் துண்டு வைத்து, அதன் மேல் சைக்கிள் சங்கிலி போல ஒரு சங்கிலியை ஓட விட்டார்கள். கைப்பிடி எப்படி வளைந்தாலும் சங்கிலி கம்பியை நேராகத்தான் இழுக்கும்.

யுனிசெஃப்பின் பொறியாளர்கள் செய்த புத்திசாலித்தனம் என்னவென்றால், புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க உட்காரவில்லை. ஓடிக்கொண்டிருந்ததை எடுத்தார்கள். சென்னையில் இருந்த மத்திய அரசின் இயந்திரப் பொறியியல் ஆய்வு அமைப்பும், சென்னை ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் நிறுவனமும் சேர்ந்து அதைத் திருத்தின. 1976-77ல் கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களின் ஆழமான கிணறுகளில் மாட்டி, மக்கள் கையில் கொடுத்துச் சோதித்தார்கள். கோவைப் பக்கம் தண்ணி மட்டம் எவ்வளவு கீழே என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே தாங்கினால் எங்கேயும் தாங்கும். அதன் பிறகு பெருமளவில் உற்பத்தி தொடங்கியது. காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்யலாம், ஆனால் இந்தியத் தர நிர்ணயத்தின்படிதான் செய்யணும். சாதாரணப் பட்டறையிலும் செய்ய முடிகிற மாதிரி வரைந்ததால், லட்சக்கணக்கில் பெருகி ஆப்பிரிக்கா வரைக்கும் போனது.

சரி, பிரச்சினை தீர்ந்ததா? இங்கேதான் எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

பம்பு குறைவாகத்தான் பழுதானது. ஆனால் பழுதானால்? கீழே இருக்கும் தோல் வாஷர் தேய்ந்திருந்தால்கூட, கிணற்றுக்குள் இருக்கும் குழாய் மொத்தத்தையும் வெளியே தூக்கணும். அதற்கு முக்காலி வேண்டும், நாலைந்து ஆள் வேண்டும், வேன் வேண்டும். வேன் மாவட்டத் தலைமையிடத்தில் இருக்கும். நம்ம மாநிலத்தில் இதற்காக மூன்று அடுக்குப் பராமரிப்பு ஏற்பாடு இருந்தது. கிராமத்தில் ஒரு பொறுப்பாளர், ஒன்றியத்தில் ஒரு மெக்கானிக், மாவட்டத்தில் வேனோடு ஒரு குழு. நல்ல ஏற்பாடு. ஆனாலும் பொறுப்பாளர் தபால் அட்டை போட்டு, அது போய்ச் சேர்ந்து, வேன் வரும் வரைக்கும் ஊர்ப் பெண்கள் பழைய குட்டைக்கே போகணும். அந்த வேனுக்காகக் காத்திருக்கும் நாட்களும் வடிவமைப்பின் ஒரு பகுதிதான். வரைபடத்தில் அது தெரியாது.

அதனால் 1980களில் மறுபடியும் கோயம்புத்தூர்ப் பக்கமே வந்து சோதனை போட்டார்கள். இந்தத் தடவை கேள்வி வேறு. 'உடையாத பம்பு எப்படி?' என்பதை விட்டுவிட்டு, 'உடைந்தால் ஊர்க்காரங்களே எப்படிச் சரி செய்வது?' என்று கேட்டார்கள். மேலேற்றும் குழாயைக் கொஞ்சம் அகலமாக்கினால், குழாயைத் தூக்காமலே உள்ளே இருக்கும் பிஸ்டனையும் அடி வால்வையும் கம்பியோடு மேலே இழுத்துவிடலாம். அதுதான் மார்க் 3. வேன் வேண்டாம். இரண்டு மூன்று பேர், சில ஸ்பேனர், சில மணி நேரம். ராஜஸ்தானில் திலோனியாவிலும், உத்தரப் பிரதேசத்தில் பாந்தாவிலும் கிராமத்துப் பெண்களே பயிற்சி பெற்று அடிபம்பு மெக்கானிக் ஆனார்கள். தண்ணீருக்கு நடப்பவர்களும் அவர்கள்தானே, வேன் வரட்டும் என்று பார்த்துக்கொண்டு இருப்பார்களா?

இதோடு நிறுத்தினால் சினிமா மாதிரி முடிந்துவிடும். ஆனால் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போனால், ஆழத்திலிருந்து வந்த அந்தத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். பிள்ளைகள் பல்லில் பழுப்புக் கறை, பெரியவர்களுக்கு எலும்பிலும் மூட்டிலும் வலி. பம்பு அதன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. கீழே இருந்ததை மேலே கொண்டு வந்தது. கைப்பிடியை எவ்வளவு நல்லா வடிவமைத்தாலும் பாறையில் இருப்பதை மாற்ற முடியாது. அதற்குக் காவிரியில் இருந்து தண்ணீர் கொண்டுவர ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வேண்டியிருந்தது.

இன்னொரு பம்பு கதை, எதிர்ப்பக்கம். தென் ஆப்பிரிக்காவில் குழந்தைகள் விளையாடும் சுழல் ராட்டினத்தைப் பம்போடு இணைத்தார்கள். பிள்ளைகள் சுற்றி விளையாட விளையாட, தண்ணீர் மேலே தொட்டிக்கு ஏறும். கேட்கவே நல்லா இருக்கு இல்லையா? படம் எடுத்தால் இன்னும் நல்லா இருக்கும். 2006ல் அமெரிக்காவில் 1 கோடியே 64 லட்சம் டாலர் அறிவித்தார்கள். பல நாட்டுக் கிராமங்களில் இதை வைத்தார்கள், சில இடங்களில் ஓடிக்கொண்டிருந்த அடிபம்பை எடுத்துவிட்டு இதை வைத்தார்கள். 2009ல் பிரிட்டனின் கார்டியன் பத்திரிகை கணக்குப் போட்டது. திட்டத்தில் சொன்னபடி 2,500 பேருக்குக் குறைந்தபட்சத் தண்ணீர் வேண்டும் என்றால், பிள்ளைகள் ஒரு நாளைக்கு 27 மணி நேரம் சுற்ற வேண்டும்! பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டால், வயசான பெண்கள் குனிந்து குனிந்து அந்த ராட்டினத்தைக் கையால் தள்ளினார்கள். அடிபம்பு அடிப்பதைவிடக் கஷ்டம், பார்ப்பவர்கள் முன்னால் கூச்சம் வேறு.

இரண்டு பம்புக்கும் நான் பார்க்கும் வித்தியாசம் யோசனை வந்த இடம். ஒன்று பழுதுபார்த்துச் சலித்த கையிலிருந்து வந்தது. இன்னொன்று, பார்க்கிறவர்களுக்குச் சந்தோஷம் தரும் ஒரு படத்திலிருந்து வந்தது. குழந்தை சிரிக்கிறது, தண்ணீர் வருகிறது. அந்தப் படத்தை யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். அதுதான் ஆபத்து.

நம்ம சேவைகளுக்கு வருகிறேன். சென்னையில் மகளிர் கட்டணமில்லாமல் போகும் சாதாரண பஸ் எது என்று தூரத்திலேயே தெரியணும் என்பதற்காக 2022ல் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இளஞ்சிவப்பு அடித்தார்கள். போர்டைப் படிக்கத் தெரியாதவர்களுக்கும், கண்ணாடி மறந்து வந்தவர்களுக்கும் அது போதும். வண்ணத்தால் முடிகிற வேலையை வண்ணம் செய்யுது. அடுத்த பஸ் எத்தனை நிமிடத்தில் வரும் என்பது பெயின்ட்டில் இல்லை.

ஓடிபியைப் பாருங்க. போனில் வரும் செய்தி 'இந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்கிறது. கவுன்ட்டரில் இருப்பவர், "ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்கம்மா" என்கிறார். மோசடிக்காரனும் போனில் அதையே தான் கேட்கிறான். எங்க பெரியம்மா என்னிடம் கேட்டாங்க: "யாருகிட்டயும்னா, இவங்ககிட்டயும் தானேடா?" நான் என்ன பதில் சொல்ல? ஒரு பக்கம் சொல்லாதே என்று பழக்குகிறோம், இன்னொரு பக்கம் வரிசையில் நிற்க வைத்துச் சத்தமாகச் சொல்லப் பழக்குகிறோம். கடையில் கார்டு போடும்போது ரகசிய எண்ணை நாமே அழுத்துகிறோம், கடைக்காரரிடம் சொல்வதில்லை. அதே மாதிரி ஒரு சின்ன விசைப்பலகை நம் பக்கம் பார்த்து இருந்தால் போதும். இது பெரிய கண்டுபிடிப்பு இல்லை, ஒரு வயரும் ஒரு பெட்டியும்தான். எல்லாக் கவுன்ட்டரிலும் வைக்கணும் என்று யாராவது முடிவெடுக்கணும். அந்த முடிவு என் கையில் இல்லை. இப்போதைக்கு, மையத்துக்கு நீங்களாகப் போய் நீங்களே கேட்ட சேவைக்கு மட்டும், திரையில் எந்தச் சேவை என்று பார்த்துவிட்டு, எண்ணை நீங்களே தட்டலாமா என்று கேளுங்க. வீடு தேடி வரும் போனில் மட்டும் ஒருபோதும் சொல்லாதீங்க.

வடிவமைப்பு தீர்க்காதது எங்கள் பெயர்ப் பெட்டியிலும் இருக்கு. புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்குத் திரை உதவுகிறது. ஆனால் ஏற்கனவே மதிப்பெண் பட்டியலில் ஒரு மாதிரியும் ஆதாரில் ஒரு மாதிரியும் பெயர் உள்ளவர்களுக்கு, எந்தப் பெட்டியை வைத்தாலும் ஒன்று பொருந்தாது. இனிஷியலும் விரித்து எழுதிய அப்பா பெயரும் ஒன்றுதான் என்று ஏற்றுக்கொள்ள, மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு எழுத்துமூலமாக அதிகாரம் வேண்டும். அது விதி எழுதுகிறவர்கள் செய்ய வேண்டிய வடிவமைப்பு. அவர்கள் தங்களை வடிவமைப்பாளர் என்று சொல்லிக்கொள்வதில்லை, ஆனால் என்னைவிடப் பெரிய வடிவமைப்பாளர்கள் அவர்கள்தான்.

உங்களிடம் ஒரு உதவி. ஆப் சரியில்லை என்று ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகாதீங்க. எங்களுக்கு அதிலிருந்து எதுவும் தெரிவதில்லை. எந்தப் பக்கத்தில் நின்றது, என்ன தட்டினீங்க, என்ன செய்தி வந்தது என்று ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்க. ஆதார் எண்ணையும் போன் நம்பரையும் மறைச்சுட்டு, அந்த ஆப்பில் இருக்கும் புகார்ப் பகுதியில் போடுங்க. 'பாதியில் நிற்கிறது' என்று நூறு பேர் எழுதுவதைவிட, 'பிறந்த தேதியில் வருடத்தை மாற்ற 60 தடவை அம்புக்குறியை அழுத்த வேண்டியிருக்கு' என்று ஒருவர் எழுதினால் அடுத்த வாரமே திருத்திவிடலாம். எங்க அப்பா மாதிரி 1950களில் பிறந்தவர்களுக்கு அது எவ்வளவு அழுத்தல் என்று எண்ணிப் பாருங்க.

கடைசியாக ஒன்று. அந்த அப்பாவும் மகளும் வந்த மையத்துக்குப் போன மாதம் போயிருந்தேன். கவுன்ட்டரில் வேறு பையன். 'அப்பா பெயரைக் குடும்பப் பெயரில் போடவும்' என்று முன்பு ஒரு சீட்டு இருந்தது, அதைக் காணோம். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் பார்த்தால் அதே இடத்தில், பழைய டேப் தடத்துக்கு மேலேயே, புதிய சீட்டு: "பெயர் சரியா என்று படித்துப் பார்க்கணும். எழுத்து ரொம்பப் பொடி. கண்ணாடி கொண்டு வரவும்."

எங்கள் புரூஃப் பக்கம்தான். சான்றிதழ் மாதிரியே தெரியணும் என்று ஒரு முழு ஏ4 தாளைப் போன் திரைக்குள் அடைத்திருந்தோம். படம் எடுத்துக்கொண்டேன். பெயர் வரியை மட்டும் பெரிதாக்கும் வேலை இப்போது நடக்கிறது. இங்கே யாராவது அந்தப் பக்கத்தைப் பார்த்திருந்தால், உங்க போனில் அது எப்படித் தெரியுது என்று இடைவேளையில் எனக்குக் காட்டுங்க.